பனையில் குத்தச் சொன்னவர்

எங்கள் கராத்தே மாஸ்டரின் கை, தபால் கந்தோரில் முத்திரை கிழித்துக் கொடுக்கிறவரின் கை மாதிரி இருக்கும். வெள்ளை, மிருது, நகமெல்லாம் அளவாக வெட்டியது. முதல் நாள் அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கியபோதே எனக்கு அது பட்டது. ஆனால் அப்போது எனக்கு இருபது வயது. கராத்தே என்றால் சோறு வேண்டாம் என்கிற பைத்தியம். உண்மையான வீரனின் பலம் வெளியே தெரியாதாக்கும், உள்ளே கிடக்குமாக்கும் என்று நானே அவருக்காக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவருக்குச் சமாதானம் தேடிக் கொடுப்பதுதான் அவருடைய வகுப்பில் முதற்பயிற்சி. அதில் நாங்கள் எல்லோரும் வெகு சீக்கிரம் தேறினோம்.

மாஸ்டர், எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சனத்தோடு வந்தவர். திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையொன்றில் ஒரு டியூட்டரி இருந்தது. கிடுகுக் கொட்டில். பகலில் அங்கே ஏ.எல். பெடியளுக்கு இரசாயனம் படிப்பிப்பார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு, பெடியள் இருந்து படிக்கிற வாங்குகளை ஓரமாக அடுக்கிவிட்டால் அது கராத்தேப் பள்ளிக்கூடம். கரும்பலகையில் பென்சீன் வளையம் அழிபடாமல் கிடக்கும். அதன் கீழே மாஸ்டர், மா மூட்டைத் துணியில் தைத்த வெள்ளை உடுப்பும் கறுப்புப் பட்டியுமாக நிற்பார். என்ன கேட்டாலும் பதில் ஒரே மாதிரித்தான் தொடங்கும்.

"பெரியவர் இதுக்கு என்ன செய்தவர் தெரியுமோ, ஐசே?"

பெரியவர் என்றால் அவருடைய யப்பான் குரு. பெயரைச் சொல்லமாட்டார். குருவின் பெயரை வாயால் சொல்வது அங்கே மரியாதை இல்லையாம். பெரியவர் ஏழு வயதில் தாய் தகப்பனை இழந்தவர். மலைக்கோயில் ஒன்றில் மூன்று வருடம் முற்றம் கூட்டியவர். ஒருவரும் அவருக்கு ஒரு அடி, ஒரு உதை காட்டிக் கொடுக்கவில்லை. நாலாம் வருடம் கோயில் துறவி தடியால் அடிக்க ஓங்கியபோது, கூட்டுமாற்றைக் கீழே வைக்காமலே தடுத்தாராம். போருக்குப் பிறகு ரயிலில் அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது எழும்பிக் குனிந்து வணங்கிவிட்டு, தன் இருக்கையை அவனுக்குக் கொடுத்தாராம். கடைசிக் காலத்தில் கொழும்புக்கு வந்து, பதினொரு வருடம், எங்கள் மாஸ்டர் ஒருவருக்கு மட்டும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தாராம்.

நான் இதையெல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். தமிழில் இப்படி ஒரு யப்பான் வீரரின் வாழ்க்கை வரலாறு இல்லை, நான்தான் எழுதப் போகிறேன் என்று திட்டம். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். படிப்பதைவிட இதில்தான் மூளை ஓடியது. நாற்பதாம் பக்கம் வரும்போது கணக்கு உதைக்கத் தொடங்கிற்று. மாரியில் சொன்னபோது பெரியவர் அநாதையானது ஒன்பது வயதில். மூன்று வருடம் கூட்டிய முற்றம் ஒரு கிழமை இடைவெளியில் ஐந்து வருடமாயிற்று. போரில் அவருக்கு நொண்டியானது ஒரு நாள் இடக்கால், ஒரு நாள் வலக்கால். பதினொரு வருடம் ஒரு மனிதரின் காலடியில் இருந்தவருக்கு எந்தக் கால் நொண்டி என்று தெரியாமல் போகுமா?

சான்றிதழ் கேட்டவர்களுக்கு அவரிடம் பதில் இருந்தது. "யப்பானுக்குப் போகப் பாஸ்போட் எடுத்து வைச்சனான். பெரியவர் தந்த சேட்டிபிக்கேற்றும் அதோடைதான் இருந்தது. எல்லாம் ஆடியிலை எரிஞ்சு போச்சு." கேட்டவன் உடனே தலையைக் குனிந்துகொள்வான். எரிந்த பொருளைப் பற்றி அந்தக் காலத்தில் யாரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை. அது எங்களுக்குள் இருந்த ஒரு மரியாதை. அந்த மரியாதைக்குப் பின்னால் அவர் வசதியாக உட்கார்ந்துகொண்டார். வீடு எரிந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருந்த ஊரில், இல்லாத கடுதாசியை எரித்துவிட்டு வந்த ஒருவர்.

திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அவர் இடியப்பம் சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு தென்னை ஈர்க்கை ஒரே நீளத்துக்கு முறித்து எப்போதும் சேட்டுப் பையில் வைத்திருப்பார். யப்பான்காரர் மாதிரி அவற்றால் இடியப்பத்தை நுள்ளி நுள்ளி எடுப்பார். பாதி வாய்க்குப் போகும், பாதி மடியில் விழும். கடைக்காரர் கையில் சொதி வாளியோடு பொறுமையாக நிற்பார்.

"மாஸ்டர், ஊத்தட்டோ விடட்டோ?"

"கொஞ்சம் பொறும் ஐசே."

"ஈர்க்காலை சொதியை எப்பிடி அள்ளுவியள் எண்டு பாக்கத்தான் நிக்கிறன்."

மாஸ்டர் சிரிக்கமாட்டார். பெரியவரும் சாப்பிடும்போது கதைப்பதில்லையாம்.

சந்தையில் ஒரு சொறிநாய் குரைத்தபோது மரக்கறிக் கடைப் பலகையில் ஏறி நின்றார்; பெரியவர் வாயில்லாச் சீவனை அடிக்கமாட்டாராம். ஆமி ஹெலிகொப்டர் வரும் சத்தம் கேட்டால் வாங்குக்குக் கீழே முதலில் போவதும் அவர்தான். அதற்காக அவரைக் குறை சொல்லமாட்டேன், நாங்களும் போனோம். ஆனால் கீழே குப்புறக் கிடந்தபடி, வாயில் மண்ணோடு, "பெரியவர் குண்டு விழேக்கை தியானத்திலை இருந்தவர்" என்று சொல்ல ஒரு தனித்துணிவு வேண்டும். அவரிடம் இருந்தது அந்தத் துணிவு ஒன்றுதான்.

பெரியவர் பனிக்காலத்தில் மலையருவியின் கீழே நூறு நாள் நின்றவர் என்று ஒரு நாள் சொன்னார். நாங்களும் அப்படி நின்றால்தான் மனம் இறுகுமாம். ஆறே இல்லாத ஊரில் அருவிக்கு எங்கே போவது? மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"உமக்கு ஊர் நீர்வேலி எல்லோ. தோட்டத்திலை இறைப்பு மிசின் இருக்கோ?"

இருந்தது. அடுத்த சனிக்கிழமை விடிய ஆறு பேர் எங்கள் வாழைத்தோட்டக் கிணற்றடியில் மிசின் குழாயின் கீழே, கண்ணை மூடி, கைகூப்பி, ஒருவர் பின் ஒருவராக நின்றோம். மாஸ்டர் வரம்பில் சாக்கை விரித்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தபடி, "குளிரை நினையாதேங்கோ" என்றார். அவருக்கு அன்று தடிமன், மூக்கடைப்பு.

என் ஐயா மண்வெட்டியோடு வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உவை எத்தினை மணிக்குப் போவினம்?"

"உது பயிற்சி ஐயா."

"நிக்கிறதுதான் நிக்கினம், ஒருத்தரைத் தண்ணி மாறச் சொல்லு. கடைசி வரிசை வாழைக்கு இன்னும் தண்ணி போகேல்லை."

நாங்கள் ஐந்து பேர் கண்ணைத் திறக்காத மாதிரி நின்றோம். ஒருவன் மட்டும் சொட்டச் சொட்ட வந்து ஐயாவின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினான். வாய்க்காலை வெட்டி, ஒவ்வொரு பாத்தியாகத் தண்ணியை மாறி, கடைசி வாழை வரைக்கும் போய் வந்தான். அவன் அமலன்.

அமலனின் ஊர் மயிலிட்டி. கடற்றொழில் குடும்பம், பத்தொன்பது வயது. நேவி கடலை அடைத்து வைத்திருந்த காலம் அது. கரையோரம் போனாலும் மறிப்பார்கள். ஒரு நாள் காலை அவனையும் தகப்பனையும் வள்ளத்துக்குள் முழங்காலில் இருத்தி, கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, வெயில் ஏறும்வரை வைத்திருந்துவிட்டு, சிரித்துக்கொண்டு போனார்கள். இதை அவன் எனக்கு ஒரே ஒரு தரம் சொன்னான்.

"அடிக்கேல்லை மச்சான், ஒண்டும் செய்யேல்லை. சும்மா தூக்கி வைச்சிருந்த கை. அப்பான்ரை கை நடுங்கினது."

அதற்குப் பிறகு தன் கையில் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும் என்று அவனுக்கு ஆகிவிட்டது. அவனோடு படித்த பெடியள் ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உங்கை போறதிலும் பாக்கக் கராத்தே நல்லம் என்று தகப்பன் சைக்கிளைக் கொடுத்து அனுப்பினார். ஆமி முகாம் பக்கத்தால் வரமுடியாது. ஊர் சுற்றி, வேர்க்க விறுவிறுக்க வந்து சேருவான். எங்களுக்கு அந்த வகுப்பு ஒரு பின்னேரப் பொழுது. அவனுக்கு அப்படி இல்லை. அது மாஸ்டருக்கும் தெரியும்.

ஒரு நாள் மாஸ்டர் சொன்னார், பெரியவர் தினமும் கயிறு சுற்றிய மரத்தில் வலக்கையால் முந்நூறு குத்துக் குத்தியவர் என்று. அப்படி ஒரு வருடம் குத்தினால் கை கையாக இராதாம்.

"என்ன மரம், மாஸ்டர்?" என்று அமலன் கேட்டான்.

மாஸ்டர் வாசலால் வெளியே பார்த்தார். ஒழுங்கைக் கரையில் ஒரு பனை நின்றது.

"பனை காணும். அது போதும்" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. அங்கே முருங்கை நின்றிருந்தால் முருங்கை என்று சொல்லியிருப்பார். முருங்கை முறிந்திருக்கும், கை தப்பியிருக்கும். பனையில் தும்புக்கயிறு சுற்றினோம். நாங்கள் மற்றவர்கள் நாலைந்து நாள் குத்திவிட்டுக் கையை உதறிக்கொண்டு விட்டுவிட்டோம். அமலன் விடவில்லை. இங்கே முந்நூறு. வீட்டு வளவுப் பனையில் விடிய முந்நூறு. சித்திரையில் அவனுக்குக் கறுப்புப் பட்டி தருவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார்.

மாசி மாதம் போல, பல்கலைக்கழக நூலகத்தில் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பழைய ஆங்கிலச் சஞ்சிகைக் கட்டொன்றைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஒன்றில் யப்பான் கராத்தேப் பள்ளி ஒன்றின் படங்கள். குத்திப் பழகும் மரமும் இருந்தது. அது மரமே இல்லை. நிலத்தில் நட்ட ஒரு பலகை. மேலே போகப் போக மெலிந்து, உச்சியில் விரற்கடைத் தடிப்புக்கு வந்துவிடும். குத்தினால் பின்னால் வளைந்து, திரும்பி வரும். வளையாத பொருளில் ஒருபோதும் குத்த வேண்டாம், எலும்பு போய்விடும் என்று படத்தின் கீழேயே எழுதியிருந்தது. நான் சஞ்சிகையை இரவலாக எடுத்துக்கொண்டு டியூட்டரிக்குப் பறந்தேன்.

எல்லோரும் பார்க்க அதை மாஸ்டரிடம் நீட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். எழுத்துக்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். அவர் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் கண்டேன். நான் மட்டும் கண்டேனோ தெரியாது.

"இது வேறை பாணி, ஐசே. பலகை செத்த சாமான். பெரியவர் உயிருள்ள மரத்திலைதான் குத்தினவர். செத்ததோடை சண்டை பிடிச்சு என்ன பிரயோசனம்?"

பெடியள் தலையாட்டினார்கள். பின்னுக்கு நின்ற ஒருவன், "உவன் கம்பசிலை செத்த தவளை வெட்டுறவன் எல்லோ, மாஸ்டர்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். போகும் வழியில் நான் அமலனை மறித்தேன்.

"டேய், அந்தாளுக்கு ஒண்டும் தெரியாதடா. கையைப் பார். வீங்கிக் கிடக்கு."

"நீ படிச்சனீ. உனக்கு எல்லாத்துக்கும் ஒரு படம் வேணும்."

"படத்திலை இருக்கிறது யப்பான்."

"எனக்கு என்னத்துக்கு யப்பான்? எனக்குக் கைதானே வேணும்."

சஞ்சிகையை மாஸ்டர் இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். திருப்பித் தரவேயில்லை. ஆனால் அடுத்த கிழமையே பெரியவரின் கதையில் ஒரு பலகை வந்துவிட்டது. சின்ன வயதில் பெரியவர் முதலில் பலகையில்தான் பழகினாராம், வளைகிற பலகையாம், உச்சி விரற்கடைத் தடிப்பாம். முன்பு தெரியாமல் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது தெரியும். தெரிந்துகொண்டு, அமலனின் கையைப் பார்த்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவன் வீக்கத்தைக் காட்டியபோது கடல்தண்ணியில் ஊறவைக்கச் சொன்னார். பெரியவரும் அப்படித்தான் கையை இறுக்கினாராம்.

இதை அமலன் வீட்டில் சொல்லியிருக்கிறான். தகப்பன் சொன்ன பதிலை அவனே எனக்குச் சிரித்துக்கொண்டு சொன்னான். "கடல்தண்ணியிலை கை இறுகுமெண்டால், மயிலிட்டியிலை முழுப்பேரும் இரும்பாய் எல்லோ இருக்கவேணும்." சிரிக்கும்போது அவன் வலக்கையை இடக்கையால் தாங்கிப் பிடித்திருந்தான். பங்குனி முடிவில் அந்தக் கையால் சைக்கிள் பிறேக்கைப் பிடிக்க முடியாமல் போயிற்று. அப்போதும் குத்தினான். பட்டிக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது.

பிறகு ஒரு நாள் அவன் வரவில்லை. காய்ச்சலோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். எக்ஸ்ரே படத்தை எனக்குக் காட்டினார்கள். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் பின்னால் எலும்பு முறிந்து, முறிந்தது பொருந்துமுன் திரும்பவும் முறிந்து, கோணலாக ஒட்டியிருந்தது. சீழை வெட்டி எடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. கை மூடவில்லை. இரண்டு விரல்கள் நீட்டியபடி நின்றன. மற்றவை மடங்கின, ஆனால் ஒரு கயிற்றைப் பிடித்து இழுக்கிற பிடி இல்லை. வலை இழுக்கிறவனுக்கு அது எதைக் குறிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழகப் பழக வரலாம் என்று டாக்குத்தர் சொன்னாராம். 'லாம்' என்ற அந்தச் சொல்லைத் தகப்பன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மாஸ்டர் ஒருநாளும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

வைகாசியில் ஒரு பின்னேரம், நாங்கள் வரிசையில் நிற்கும்போது, தகப்பன் அமலனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டையான, கறுத்த மனிதர். சாரம், மடித்துவிட்ட சேட்டு. இன்று மாஸ்டருக்கு அடி விழப் போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். அடிக்க வந்தவர் செருப்பைக் கழற்றியதில் என் சந்தோசம் அரைவாசியாயிற்று.

"நீங்கள்தானோ மாஸ்டர்?"

"ஓம். இருங்கோ அண்ணை."

"இருக்க வரேல்லை. உவன் குத்தின மாதிரி நீங்கள் அந்தப் பனையிலை ஒருக்காக் குத்துங்கோ. நான் பாக்கவேணும்."

மாஸ்டர் வெளியே பனையைப் பார்த்தார். பட்டியின் முடிச்சைச் சரிசெய்தார். பிறகு தொடங்கினார். வேறு என்ன செய்வார்?

"அண்ணை, பெரியவருக்கும் ஒரு மகன் இருந்தவன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர் கலியாணமே செய்யாதவர். என்னிடம் எழுத்தில் இருந்தது.

"ஒரே மகன். தகப்பன்தான் பழக்கினவர். பெடியனுக்குத் தகப்பன்ரை சொல்லு எண்டால் வேதவாக்கு. தகப்பன் எங்கையோ கேட்ட ஒண்டைச் சொல்ல, அவன் அதைப் பிடிச்சுக்கொண்டு குத்தினான். கை வீங்கிப்போச்சு. சட்டைக் கைக்குள்ளை மறைச்சு வைச்சுக்கொண்டு குத்தினான்."

"தகப்பன் காணேல்லையோ?" என்று அமலனின் தகப்பன் கேட்டார்.

"கண்டவர்."

"கண்டுமோ சொல்லேல்லை?"

"சொல்லேல்லை."

"ஏன்?"

மாஸ்டர் தன்னுடைய வெள்ளைக் கைகளைப் பார்த்தார். "சொன்னால், தனக்குத் தெரியாதெண்டது மற்றவைக்குத் தெரிஞ்சிடும்."

அமலனின் தகப்பன் வாங்கில் இருந்துவிட்டார். அடிக்க வந்த மனிதர், இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, பிரசங்கம் கேட்கிறவர் மாதிரி இருந்துவிட்டார். எனக்கு அவர்மேலும் ஆத்திரம் வந்தது. அந்த மாஸ்டரின் வாயில் ஏதோ இருந்தது. கடலில் எத்தனையோ கண்டவரைக்கூட அது இருத்திவிட்டது.

"பிறகு?" என்றார்.

"பிறகு பெடியன் படுத்துவிட்டான்."

"அது தெரியும். அந்தப் பெடியன்ரை கை பிறகு சுகம் வந்ததோ?"

இப்போது எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தோம். அமலனும் பார்த்தான். வந்தது அண்ணை, ஆறு மாதத்தில் வந்தது, வாளே பிடித்தான் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது ஒரு வேலையா? இல்லாத மலையைக் கட்டினவர், இல்லாத அருவியை விழுத்தினவர், காலை மாற்றி மாற்றி நொண்ட வைத்தவர்.

"இல்லை" என்றார் மாஸ்டர். "வரேல்லை."

அதை நேர்மை என்று பின்னாளில் சிலர் என்னிடம் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவரிடம் சரக்கு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு வருடம் தனக்காகப் பொய் சொன்னவருக்கு, இன்னொருவருக்காக ஒன்று சொல்ல வரவில்லை.

அமலனின் தகப்பன் எழும்பினார். அமலன் மாஸ்டரைப் பார்த்து முறைப்படி குனிந்து வணங்கினான்.

"குனிஞ்சது காணும், வா" என்றார் தகப்பன்.

நான் பின்னாலேயே ஒழுங்கைக்குப் போனேன். உள்ளே மாஸ்டர் வரிசையைச் சரிப்படுத்தும் சத்தம் கேட்டது. பெடியள் ஒரே குரலில் எண்ணத் தொடங்கினார்கள். தகப்பன் சைக்கிளை நிமிர்த்தி, அமலனை முன்பாரில் ஏற்றினார். அவன் இடக்கையால் மட்டும் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டான். வலக்கை மடியில் கிடந்தது. பெடலில் காலை வைத்தவர், என்னைக் கண்டு நிறுத்தினார்.

"தம்பி, நீர் அந்த யப்பான்காரரின்ரை கதையெல்லாம் எழுதிறனீராம். இவன் சொன்னவன்."

"ஓம்."

"அந்தப் பெடியன் பிறகு என்ன தொழில் செய்தவன்? அந்தக் கையோடை?"

நான் யோசிக்கவேயில்லை. "கப்பல் கட்டுற இடத்திலை வேலை செய்தவனாம்" என்றேன். "மரம் பாத்துச் சொல்லுற வேலை. இந்த மரம் கடலுக்குத் தாங்கும், இது தாங்காது எண்டு. கை தேவையில்லை. நல்ல பேராம். கலியாணம் கட்டி, ரெண்டு பிள்ளையளாம்."

"பெரிய வேலைதான்" என்றார் தகப்பன். "அப்பிடியெண்டால் சரி."

பெடலை மிதித்தார். அமலன் பாரில் நேரே முன்னால் பார்த்தபடி இருந்தான். ஒழுங்கை திரும்புமட்டும் அவன் என்னைப் பார்க்கவில்லை.